எனக்குக் கொடுத்த பரியம்

1

“உன்னெ எவம்மா காசு குடுத்துக் கூட்டிம் போவான்? நீதான் காசு கட்டிட்டுப் போவணும்.”

செங்கத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுத் தரும் பிரவுசிங் சென்டர்காரர் சொன்னது இது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் டிக்கெட்டும் மொழி வகுப்புக் கட்டணமும் தானே கொடுத்து என்னைக் கூட்டிக்கொள்கிறது என்று நான் சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் செருப்பைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“மேல.”

“மலையா?” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது.

அவர் கெட்டவர் இல்லை. ஏஜென்டிடம் ஏமாந்து திரும்பியவர்களுக்குப் புகார் மனு தட்டிக் கொடுத்ததும் அவர்தான். அந்தக் கவலையில் சொன்னார். ஆனால் நைனாவுக்குச் சுருக்கென்றது. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சாமையும் கொள்ளும் போடுகிறவர். கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை நீட்டுகிறவர். செங்கத்துக்கு வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று தாழவில்லை.

“எங்க மலையில பொண்ண யாரும் சும்மா கூட்டிம் போவ முடியாது சார். குடுத்துட்டுத்தான் கூட்டிம் போவணும்.”

“யோவ், அது கல்யாணத்துக்குய்யா!” என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

நான் ஜெர்மனி வந்து இரண்டு வருடம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒருவர் சந்தேகத்திலும் இன்னொருவர் வீம்பிலும் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் மோதிக்கொண்டிருக்கின்றன. லீவு நாளில்கூட ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன், குடிக்க மறந்து ஆற விடுகிறேன், மறுபடி கொதிக்க வைக்கிறேன். எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

2

நர்சிங் படிக்கும் தங்கைகள் வாட்ஸ்அப்பில் முதலில் கேட்பது சம்பளம். “அக்கா, நல்லா இருக்கீங்களா” என்பதுகூட இரண்டாவதுதான். ஆகவே அதைச் சொல்லிவிடுகிறேன். இது என் கணக்கு மட்டும். இடத்துக்கு இடம் மாறும்.

திருப்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு மாதம் பதினான்காயிரம் ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். முதன்முதலாகச் சம்பளம் என்று ஒன்றை வாங்கியவளும் நான். அந்தப் பதினான்காயிரத்துக்கே எங்கள் ஊரில் என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ஏஜென்சியின் போஸ்டரில் “மாதம் மூன்று லட்சம்” என்று போட்டிருந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று லட்சம் முதல் மாதமே வராது. நம் ஊர்ப் பட்டத்தை இந்த நாடு ஏற்று அங்கீகாரம் தரும்வரை நாம் இங்கே நர்ஸ் இல்லை, உதவியாளர்தான். உதவியாளராக எனக்கு எழுதிய சம்பளம் இரண்டாயிரத்து அறுநூறு யூரோ. ஒரு யூரோவை ஏறக்குறைய நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரி போகும். நோய் வந்தால் என்று ஒரு பிடித்தம், வேலை போனால் என்று ஒன்று, வயதானால் என்று ஒன்று, படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள இன்னொன்று. இத்தனையும் போகக் கைக்கு வந்தது ஆயிரத்து எண்ணூறு சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு அறை வாடகை. குளிர்காலத்தில் ஹீட்டருக்குத் தனி. ஞாயிற்றுக்கிழமையும் இரவும் வேலை பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். அதனாலேயே ஞாயிறு எனக்கு விடுமுறை நாளாகத் தோன்றுவதில்லை.

மூன்று மாதம் முன்பு அங்கீகாரத் தேர்வில் தேறினேன். இப்போது எழுதிய சம்பளம் மூன்றாயிரத்தைத் தாண்டிவிட்டது. போஸ்டர் சொன்ன எண் இதுதான். கையில் வருவது இரண்டாயிரத்து இருநூறுக்குக் கொஞ்சம் மேல்.

என்னோடு படித்த ரேவதி வளைகுடாவில் இருக்கிறாள். அவள் சம்பளம் என்னுடையதில் பாதிக்கும் கொஞ்சம் மேல். ஆனால் வரி இல்லை, தங்குமிடம் மருத்துவமனையுடையது. மாதக் கடைசியில் எங்கள் இருவர் கையிலும் மிஞ்சுவதைப் பேசிப் பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. “இதுக்கா நீ அந்தக் குளிர்ல நடுங்கிகினு கீற?” என்று சிரித்தாள். ஆகவே தங்கைகளே, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, எத்தனை வருடம் கட்டிப் போடுவார்கள் என்று கேளுங்கள்.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஆயாவும் நோயாளியின் சொந்தக்காரர்களும் செய்வதையெல்லாம் இங்கே நர்ஸ்தான் செய்ய வேண்டும். குளிப்பாட்டுவது, பல்செட்டைக் கழுவுவது, ரொட்டியில் வெண்ணெய் தடவுவது எல்லாம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. மாட்டுச் சாணம் அள்ளிய கை இது. ஆனால் வென்டிலேட்டர் சத்தத்தில் எந்த மாற்றம் வந்தாலும் திரும்பிப் பார்க்கும் காது ஒன்று எனக்கு இருந்தது. இரண்டு வருடமாக அது காப்பி மெஷின் சத்தத்தைத்தான் கேட்கிறது. இன்னும் மூன்று வருடம் போனால் அந்தக் காது இருக்குமா?

வந்த புதிதில் இல்லத்து முதியவர்களை மரியாதை என்று நினைத்து ஜெர்மன் மொழியில் “பாட்டி, தாத்தா” என்று கூப்பிட்டேன். எங்கள் மலையில் முறை வைத்துக் கூப்பிடாமல் யாரையும் தாண்டிப் போக முடியாதே. ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, “நான் உன் பாட்டி இல்லை. எனக்கு ஒரு பெயர் இருக்கிறது” என்றார். அன்றிலிருந்து யாரையும் சொந்தமாக்கிக்கொள்வதில்லை.

3

இரண்டு வருடம் நிறைந்த அன்று, எங்கள் இல்லத்தின் தலைவி திருமதி ஹான் கேக் வாங்கி வைத்திருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கேக்கைத் தின்றுவிட்டு நான் அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பக்கத்துப் பெரிய நகரத்து மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, போக விரும்புகிறேன் என்றேன். அங்கே சம்பளம் அரசு விகிதப்படி. அந்தப் பிரிவுக்கென்று தனிப்படியும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் கையில் முந்நூறு யூரோ கூடும். அதோடு என் காதும் பிழைக்கும். அதை மட்டும் சொல்லவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டி, “அங்கீகாரம் கிடைத்த பிறகு மூன்று வருடம்” என்றார். “அதற்குள் போனால் எங்கள் செலவைத் திருப்பித் தர வேண்டும்.”

“தெரியும். மொழி வகுப்பு, டிக்கெட்.”

“அது கொஞ்சம்தான். உங்களுக்காக ஏஜென்சிக்குக் கொடுத்ததுதான் பெரிய தொகை.” எண்ணைச் சொன்னார். மொத்தம் ஏழாயிரம் யூரோ.

ஏஜென்சி என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதை நான் அவர்களுடைய நல்ல மனசு என்றே எண்ணியிருந்தேன். அவர்களுக்கு யார் படி அளக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று வேலை முடிந்து ஆற்றோரமாக நடந்தேன். அறைக்குப் போகும் திருப்பத்தைத் தாண்டியும் நடந்தேன். முதலில் ஆத்திரம் வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. செங்கத்து பிரவுசிங் சென்டர் அண்ணனைக் கூப்பிட்டு, “பாருங்கண்ணே, ஒருத்தன் காசு குடுத்துத்தான் கூட்டிம் வந்துக்கீறான்” என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுத்த பாலம் வருவதற்குள் அந்தப் பெருமை கரைந்துவிட்டது. என் ஒரு வருடத்து மிச்சத்துக்குப் பக்கத்தில் வரும் தொகை அது.

4

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மேலேயுள்ள பாறையில் ஏறினால்தான் டவர் எடுக்கும். சாயங்காலமானால் நைனா அங்கே வருவார், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். அவரோடு அவர் தங்கை, மாமாவோடு இப்போது எங்கள் ஊரிலேயே இருக்கும் என் சடச்சி அத்தையும் வந்திருந்தாள். மாடு ஓட்டிய கம்பு இன்னும் அவள் கையில் இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். நைனா கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“உனுக்காக காசு குடுத்தாங்களா? யாருக்கு குடுத்தாங்க?”

“ஏஜென்ட்டுக்கு, நைனா.”

“அவன் யாரு? உன்னெ பெத்தவனா?”

“இல்ல...”

“பெத்தவன் இங்க பாறை மேல குந்திகினு கீறேன். என் பொண்ணு பரியத்த எவனோ வாங்கிகினு போய்க்கீறான். இன்னா நாயம் இது?”

“அது பரியம் இல்ல நைனா. கமிஷன்.”

“பொண்ண கூட்டிம் போறதுக்குக் குடுக்கிற காசுக்கு வேற இன்னா பேரும்மே?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் மலையில் பெண் வீட்டார் நகை போட்டு அனுப்புவதில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். தானியமோ மாடோ பணமோ, அவரவர் சக்திக்கு. ஒரு வீட்டிலிருந்து உழைக்கிற கை ஒன்று போகிறதல்லவா, அதற்கு ஈடு. வேலூரில் கல்லூரி விடுதியில் எல்லாப் பெண்களும் தங்கள் அப்பாக்கள் சேர்க்கும் பவுனைப் பற்றிக் கவலையோடு பேசுவார்கள். “உங்க வூட்ல எத்தினி பவுன் போடுவாங்க?” என்று என்னையும் கேட்டார்கள். “எங்களுக்குத்தான் குடுப்பாங்க” என்றேன். யாரும் நம்பவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்த ஷபானா மட்டும், “எங்கள்லயும் மஹர் மாப்பிள்ளைதான் குடுக்கணும், ஆனா குடுக்கிறதுக்கு முன்னாடி நாங்க ஸ்கூட்டர் குடுக்கணும்” என்றாள். அன்று முழுக்க அந்த அறை சிரித்துக்கொண்டிருந்தது.

பரியத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. அதை எனக்கு நினைவூட்டியது அத்தைதான். நைனா கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

“ஏண்டி கோமதி, போறவ எதுக்குடி குடுக்கணும்? கூட்டிம் போறவன் குடுப்பான்.”

அத்தை பேசலாம். அவளுக்கு உரிமை உண்டு. முதலில் கட்டிக் கொடுத்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் விடிந்ததும் மலையைக் குறுக்காகக் கடந்து நெல்லிவாசல்நாட்டுக்கு, இப்போதைய மாமாவிடம் நடந்து போய்விட்டாள். அப்புறம் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் பஞ்சாயத்தைக் கூட்டினார். முதல் வீட்டுக்காரன் கொடுத்த பரியத்தைப் புது மாமாதான் தீர்த்தார், இரண்டு மாடும் சில மூட்டைச் சாமையுமாக. அத்தையிடம் யாரும் ஒரு மணி தானியம்கூடக் கேட்கவில்லை. அதோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கும் ஊர்த் திருவிழாவில் அந்த முதல் வீட்டுக்காரன் அவளுக்கு முறுக்கு வாங்கித் தருவான்.

“அத்தை, இது கல்யாணம் இல்ல.”

“அதான் நானும் சொல்றேன். கல்யாணத்துக்கே அப்பிடின்னா வேலைக்கு இன்னா?”

“புது ஆஸ்பத்திரிக்காரங்க தரமாட்டேன்னா?”

“தரமாட்டேன்னா அவனுக்கு நீ வோணாம்னு அர்த்தம். வோணாங்கறவன் வூட்டுக்கு இன்னாத்துக்குடி போற?”

பின்னாலிருந்து நைனா, “எனக்கு வரவேண்டியத யார் குடுப்பான்னு கேளு” என்று கத்தினார். அத்தை, “நீ சும்மா கெட, மாட்டப் பாரு” என்றாள். இணைப்பு அறுந்தது. பாறையிலிருந்து இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

5

இங்கே எங்கள் இல்லத்தில் எனக்கு நெருக்கமானவர் ஜின்சி சேச்சி. கேரளத்திலிருந்து எட்டு வருடம் முன்பு வந்தவர். அவர் வீட்டுக்குப் போய் அத்தை சொன்னதைச் சொன்னேன். சோற்றைப் பரிமாறிக்கொண்டே தலையில் கை வைத்தார்.

“எந்தா மோளே, பைத்தியமா? புது எடத்துல போய் காசு கேக்கறதா? ‘இவ நமக்கும் இதேதான் செய்வா’ன்னு நெனைப்பாங்க. மூணு வர்ஷம் கண்ணடச்சு நில்லு.”

“உங்க கட்டு எப்ப முடிஞ்சுது சேச்சி?”

“அதொக்கே முடிஞ்சு மூணு வர்ஷம் ஆயி.”

“அப்புறம் ஏன் வேற எடம் போகல?”

அவர் பதில் சொல்வதற்குள் மகள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பத்து வயது. அம்மா மலையாளத்தில் ஏதோ சொன்னாள், பெண் ஜெர்மனில் பதில் சொன்னாள். இருவருக்கும் அது வினோதமாகவே படவில்லை. “இவ ஸ்கூல் இங்கே. வீடு இங்கே. பின்னே எவ்விடே போகும்?” என்றார் சேச்சி. மோரை ஊற்றினார். நன்றாகத்தான் இருந்தது மோர். அவிழ்ந்து கிடக்கும் கயிற்றுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும் எங்கள் வீட்டு மாட்டின் நினைப்பு வந்தது. சேச்சியை அப்படி நினைத்ததற்கு என்மேலேயே கோபமும் வந்தது.

அடுத்து ஒரு தொழிலாளர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். இந்த நாட்டில் எதற்கும் முன்பதிவு வேண்டும், முன்பதிவுக்கு வரிசையும் உண்டு. அங்கிருந்த பெண்மணி ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, இந்த ஷரத்தில் பாதி நீதிமன்றத்தில் நிற்காது, மற்றப் பாதி நிற்கலாம் என்றார். எது எந்தப் பாதி என்று அவருக்கும் நிச்சயமில்லை. என் குடியிருப்பு அட்டையில் பழைய இல்லத்தின் பெயர் இருப்பதால், வேலை மாறுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று மட்டும் நிச்சயமாகச் சொன்னார். மனு போட்டேன். சில வாரங்களில் அனுமதி வந்தது. அது வந்த நாளில் ஏனோ எனக்கு நைனாவிடம் சொல்லத் தோன்றவில்லை. அரசாங்கத்தின் பெரிய கதவு திறந்தாயிற்று, ஏழாயிரம் யூரோ என்ற சின்னக் கதவு சாத்தியிருக்கிறது.

மருத்துவமனையில் நர்சிங் பிரிவின் இயக்குநர் என்னை இரண்டாம் முறை வரச் சொல்லியிருந்தார். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். வேலை உறுதி, எப்போது சேர்கிறீர்கள் என்று கேட்டார். ரயிலில் வரும்போது ஜெர்மனில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“என்னைக் கூட்டி வந்ததற்காகப் பழைய இல்லம் பணம் கொடுத்திருக்கிறது. நான் போனால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். அதை நீங்கள் கொடுக்க வேண்டும்.”

‘கொடுக்க முடியுமா’ என்றுதான் பயிற்சி செய்திருந்தேன். வாயில் ‘வேண்டும்’ என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை யார் உங்களுக்குச் சொன்னது?”

“என் அத்தை.”

“அவர் வழக்கறிஞரா?”

“இல்லை. ஒருமுறை இடம் மாறியவர்.”

அவர் சிரித்தார். புரிந்து சிரித்தாரா தெரியாது. பிறகு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார். “வெளிநாட்டிலிருந்து புதிதாக ஒருவரைக் கொண்டுவர எங்களுக்கும் இதே அளவுக்குச் செலவாகும். அவர் வந்து சேர ஒரு வருடம் ஆகும். நீங்கள் இப்போதே உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் சரி என்பேன். ஆனால் கையெழுத்து நிர்வாகத்துடையது. பதில் வர வாரக் கணக்கில் ஆகலாம். பாதிதான் என்றும் சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம்.”

“வேலை?”

“வேலை உங்களுடையது. ஆனால் அடுத்த மாதம் முதல் தேதி பிரிவில் ஆள் வேண்டும். அதற்குமேல் என்னால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது.”

அடுத்த மாதம் சேர வேண்டுமானால் இந்த வாரமே பழைய இடத்தில் கடிதம் கொடுத்தாக வேண்டும். நிர்வாகத்தின் பதிலோ இந்த வாரம் வராது.

6

மூன்று நாளாக இதே சுற்று. பதில் ‘இல்லை’ என்று வந்தால் ஏழாயிரம் யூரோ என் தலையில் விழும். தவணை போட்டால் கூடுதலாக வரும் சம்பளம் முழுக்க இரண்டு வருடத்துக்கு அதற்கே போகும். அப்படியானால் எனக்கு மிஞ்சுவது தீவிர சிகிச்சைப் பிரிவு மட்டும். அது போதுமா என்று என்னையே கேட்டேன். குளிக்கும்போது கேட்டேன், பேருந்துக்கு நிற்கும்போது கேட்டேன், தலைமையாசிரியை அம்மாளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது கேட்டேன். “இரண்டு பக்கமும் தடவிவிட்டாய்” என்றார் அவர்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் தங்கைகளுக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இதுதான். உங்களுக்கென்று ஒருவர் கொடுக்கும் விலை ஒன்று இருக்கிறது. அது உங்கள் சம்பளச் சீட்டில் வராது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், போகும்போது யார் தீர்ப்பார் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். செங்கத்து அண்ணன் சொன்னதில் பாதி சரி. நம்மைக் காசு கொடுத்துக் கூட்டிப் போகிறவன் இருக்கிறான். ஆனால் அதைக் கடைசியில் நாமே கட்டும்படி எழுதி வைத்திருக்கிறான். நைனா சொன்னதோ முழுக்கச் சரி. அதைக் கேட்டு வாங்குவதற்குத்தான் ஒரு ஊர்க்கவுண்டர் இங்கே இல்லை.

அத்தை நடந்துபோன அன்று, மாமா பரியத்தைத் தீர்ப்பார் என்று அவளுக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டேன். பாறையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு எப்பிடிடி தெரியும்? அந்த ஆளுகிட்ட அப்போ ஒரு கன்னுக்குட்டிகூட கெடையாது.”

“அப்புறம் எந்த தைரியத்துல போன?”

“பஞ்சாயத்தக் கேட்டுட்டு எவளாவது போவாளா? போனாத்தான பஞ்சாயத்தே கூடும்.”

இந்த நாட்டில் வேலையை விடும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. தாளில் எழுதி, பேனாவால் கையெழுத்திட வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் என் கையெழுத்து கொஞ்சம் நீளம், முழுப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து வரும். இன்று காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் திருமதி ஹானின் மேசையில் அதை வைத்தேன். அவர் படித்தார். என்னைப் பார்த்தார். “பணம்?” என்றார்.

“அது பிறகு பேச வேண்டியது” என்றேன்.

பெற்றுக்கொண்டதற்கு நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அத்தைக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவள் அதைக் கேட்கப் பாறைக்கு ஏற வேண்டும், சாயங்காலம் ஆகும்.

“அத்தை, கிளம்பிட்டேன். பஞ்சாயத்து இனிமேதான்.”